லீஸில் 80 ஆண்டு 5 மாதம்தான் மீதி: காத்திருக்கலாமா?

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி ஃப்ளாட்டின் லீஸை (நீண்டகாலக் குத்தகையை) நீட்டிப்பது பற்றியது உங்கள் கேள்வி. காத்திருக்காதீர்கள். 80 ஆண்டுக்குக் கீழே போவதற்குள் செக்‌ஷன் 42 நோட்டீஸை, அதாவது லீஸை நீட்டிக்கக் கோரும் சட்டப்படியான அறிவிப்பை, ஃப்ரீஹோல்டருக்கு (நிலம், கட்டடத்தின் உரிமையாளருக்கு) கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்த தேதியை வைத்துத்தான் நீட்டிப்புக்கான விலையைக் கணக்கிடுவார்கள். பேச்சுவார்த்தை அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் பரவாயில்லை. 80க்குக் கீழே போனால் 'மேரேஜ் வேல்யூ', அதாவது நீட்டிப்பால் ஃப்ளாட்டுக்குக் கூடும் மதிப்பு, அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். 2024 லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் இதை நீக்குகிறது என்பது சரி, ஆனால் அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை.

உங்கள் 5 மாதக் கணக்கே தவறாக இருக்கலாம். லீஸ் பத்திரத்தை எடுத்து 'டெர்ம்' (லீஸ் காலம்) எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். பலர் கையெழுத்திட்ட தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். பத்திரம் 2008இல் எழுதப்பட்டிருந்தாலும் '2006 டிசம்பர் 25 முதல் 99 ஆண்டு' என்று உள்ளே இருக்கலாம்.

நோட்டீஸ் இல்லாமல் ஃப்ரீஹோல்டர் நேரடியாகத் தருவதாக உங்களிடம் சொன்ன 125 ஆண்டு லீஸ் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மீதி 80 ஆண்டுக்கும் தரை வாடகையை (நிலத்துக்காக ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் வாடகையை) அவர் தொடர முடியும். செக்‌ஷன் 42 வழியில் சட்டப்படி போனால் மீதியுள்ள காலத்துக்கு மேல் கூடுதலாக 90 ஆண்டு, தரை வாடகையும் இல்லை.

ஒன்று மட்டும்: ஃப்ரீஹோல்டரின் நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில்தான். நோட்டீஸை நீங்களே எழுதாதீர்கள், பிழை இருந்தால் செல்லாமல் போகலாம். ஃப்ரீஹோல்டரின் பதிலான எதிர் நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள் உடன்பாடு வராவிட்டால், அதற்குள் தீர்ப்பாயத்துக்கு மனு போட வேண்டும். தவறினால் மறுபடி நோட்டீஸ் கொடுக்க ஓராண்டு ஆகும். அதற்குள் மீதிக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே போய்விடும்.