பொய்ப் புகாரில் இருப்பது உங்கள் பெயர்

கேள்வி: சிறிய பயிற்சி நிறுவனம் நடத்துகிறேன். இணையத்தில் எங்களைப் பற்றி வந்த மோசமான ரிவியூக்களைச் சரிசெய்யச் சொல்லி ஒரு ஆன்லைன் ரெப்யூட்டேஷன் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தேன். எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஆறே வாரத்தில் 40 ஐந்து ஸ்டார் ரிவியூக்கள் வந்தன. எங்களைக் குறைசொல்லிப் பழைய மாணவர் ஒருவர் எழுதிய பதிவு கூகுள் தேடலிலிருந்து மறைந்தது. இப்போது அவர், என் பெயரில் பொய்யான பதிப்புரிமைப் புகார் போயிருப்பதாக எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தை முறிக்கிறேன் என்றால், "நாங்கள் விலகினால் மோசமான ரிவியூக்கள் வந்து கொட்டும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். முதலில் அந்தப் புகாரைக் கவனியுங்கள். அதில்தான் தவறு எதுவும் செய்யாத ஒருவர் அடிபட்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். மாணவரின் பதிவை வரிக்கு வரி நகலெடுத்து, புதிதாக உருவாக்கிய ஒரு பக்கத்தில் பழைய தேதியோடு போட்டிருக்கிறார்கள். பிறகு, "இதுதான் மூலம், அவர் திருடிவிட்டார்" என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். மாணவர் எழுதியது மார்ச்சில் ரத்தான வகுப்பைப் பற்றி. 'மூலம்' என்று காட்டும் பக்கத்தின் தேதியோ அதே ஆண்டு ஜனவரி! அவர் 'சான்றிதள்' என்று பிழையாக எழுதியதுகூட அப்படியே இருக்கிறது. இந்தத் தந்திரம் பலருக்கும் தெரிந்ததுதான். கூகுளுக்கு வரும் நீக்கல் புகார்களின் நகல்கள் லூமென் என்ற பொது ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன. தேடினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

இத்தகைய புகார்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கொடுக்கப்படுகின்றன. தெரிந்தே பொய் சொல்லிப் புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பின் நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறது அதன் 512ஆம் பிரிவு. "எனக்குத் தெரியாது, அவர்கள்தான் செய்தார்கள்" என்பது நேற்று வரை ஓரளவு எடுபட்டிருக்கும். மாணவரின் கடிதம் வந்த பிறகு எடுபடாது. உங்களுக்காக, உங்கள் பணத்தில், உங்கள் பெயரில் வேலை செய்தவர்கள் உங்கள் முகவர்கள். முகவர் செய்ததற்கு அவரை அமர்த்தியவரும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது அநேகமாக எல்லா நாட்டுச் சட்டங்களிலும் உள்ள அடிப்படை.

ஆகவே இன்றே புகாரைத் திரும்பப் பெறுங்கள். மாணவர் மறுப்பு மனு கொடுத்துத் தன் பதிவை மீட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு அவர் தன் முகவரியையெல்லாம் கொடுக்க வேண்டும். உங்கள் தரப்புத் தவறுக்கு அவர் ஏன் அலைய வேண்டும்? திரும்பப் பெற்றுவிட்டதாக அவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். தவறை ஒப்புக்கொள்ளும் வாசகங்களை மட்டும் உங்கள் ஊர் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

சரி, அந்த 40 ரிவியூக்கள். அவற்றில் 11 ஒரே இரவில், கால் மணி நேரத்துக்குள் வந்திருக்கின்றன. வெறும் விளம்பரம்தானே என்று விட்டுவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதலும், அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதலும், பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதலும் போலி ரிவியூக்களுக்கு வெளிப்படையான தடை இருக்கிறது. மற்ற நாடுகளிலும் நுகர்வோரை ஏமாற்றும் வணிகமாக இதைப் பார்க்க இடமுண்டு. எவை போலி என்று எழுத்தில் பட்டியல் கேட்டு வாங்கி, நீக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மிரட்டல். பணம் தராவிட்டால் பெயரைக் கெடுப்போம் என்ற பொருளில் பேசுவது பல நாடுகளில் குற்றம். ஆனால் அவர்கள் எழுதியிருப்பது நழுவலான வாசகம். அதை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம். அதனால் போனில் பேசாதீர்கள், எதுவானாலும் ஈமெயிலில் மட்டும். பழைய செய்திகள், ரசீதுகள், ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் சேமியுங்கள். ஒப்பந்த முறிவுக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே பாஸ்வேர்டுகளை மாற்றி, உங்கள் கணக்குகளில் அவர்களுக்கு இருக்கும் நிர்வாக உரிமையை எடுத்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். முறிவுக்குப் பின் திடீரென மோசமான ரிவியூக்கள் குவிந்தால், அந்தத் தேதிகளே உங்களுக்குச் சாட்சி.

மாணவர் சொன்னபடி வகுப்பு உண்மையிலேயே ரத்தாகியிருந்தால், கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பதிவை நீக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள்.