சின்ன வயதில் கான்சருக்கு மருந்து ஏற்றியவனுக்குப் பிள்ளை பிறக்குமா? பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

கேட்டிருப்பவருக்கு முல்லைத்தீவுப் பக்கம். ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து சுகமானவர், இப்போது வீட்டில் கலியாணம் பேசுகிறார்களாம். தம்பி, நானும் அதே கேஸ்தான். கிளிநொச்சி. 2003இல் எனக்கு எட்டு வயது, போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலம். அப்பாவும் நானும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவோம். 2006 தொடக்கத்தில் மருந்து முடிந்தது, ஆவணியில் பாதை பூட்டியாச்சு. அந்த ஆறேழு மாதத்தை அம்மா இன்றைக்கும் விரல் விட்டு எண்ணுவா.

"கான்சர் வந்தவனுக்குப் பிள்ளை தங்காது" என்று ஊரில் சொல்வதை விடுங்கள். வருத்தத்தின் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. என்ன மருந்து, எவ்வளவு, கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்திருந்தால் உடம்பில் எந்த இடத்தில் பிடித்தார்கள், இதைத்தான் பார்க்க வேண்டும். விந்தணுவை அதிகம் கெடுப்பவை சைக்ளோபொஸ்பமைட், இபோஸ்பமைட், புரோகார்பசின் மாதிரியான மருந்துகள். இந்த வகை மருந்துகளை எல்லாம் சைக்ளோபொஸ்பமைட் கணக்குக்கு மாற்றிக் கூட்டினால் வரும் மொத்த அளவு, உடம்பின் பரப்பில் சதுர மீற்றருக்கு 4000 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்கும். ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் பலருக்கு அவ்வளவு போவதில்லை. மாதக்கணக்கில் ஏற்றிய வின்கிறிஸ்டின், மெதோட்ரெக்சேட் எல்லாம் இந்த விஷயத்தில் பெரிய எதிரிகள் இல்லை. விதையிலேயே கதிர் பட்டால் கதை வேறு. 4 கிரேக்கு (கதிரை அளக்கும் அலகு) மேல் போனால் விந்தணு திரும்பி வராமலே போகலாம், 20ஐத் தாண்டினால் ஆண் ஹோர்மோனும் விழும். வயதுக்கு வருவதற்கு முன்னமே மருந்து ஏற்றினால் தப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதுவும் பிழை.

இன்னொன்று. ஹோர்மோன் சுரக்கிற கலங்கள் முரடு, விந்தணு உண்டாக்குகிறவை மென்மை. அதனால் மீசை, தாடி, குரல், படுக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தும் விந்தணு குறைவாக இருக்கும். "எனக்கென்ன குறை" என்று கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, என்ன மருந்து ஏற்றினார்கள் என்று பழைய மருத்துவத் துண்டைப் பார்க்கலாம் என்றால் எங்களுக்கு எங்கே துண்டு? அம்மா காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், என்னுடைய கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி, கடைசிப் போரில் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று இடுப்பில் கட்டியே கொண்டு வந்தவ. செட்டிகுளம் முகாமில் பையை அவிழ்த்தபோது கொப்பியின் நடுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை ஊதா நிறத்தில் பரவிக் கிடந்தது. "சைக்ளோ" என்ற தொடக்கம் மட்டும் தெரிந்தது. அளவு போய்விட்டது. உங்களிடம் ஒரு தாளாவது மிஞ்சியிருந்தால் படம் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் மருந்து ஏற்றிய ஆஸ்பத்திரியில் பழைய பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

பதிவு கிடைக்காவிட்டாலும் விந்துப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். நான் 27 வயதில் செய்தேன். மில்லிலீற்றருக்கு 11 மில்லியன் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை 16. அன்று இரவு சாப்பிடவில்லை. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் பிடிக்கும், ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 19. பூச்சியம் வந்தாலும் சிலருக்கு நுணுக்குக்காட்டி வைத்து விதையிலிருந்தே விந்தணு எடுக்கிறார்கள். பிறக்கிற பிள்ளைக்குக் குறை வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை.

இடையில் ஒரு தனியார் கிளினிக்கில் "உடம்பு தேறும்" என்று டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடச் சொன்னார்கள். நல்ல காலம், போடவில்லை. வெளியிலிருந்து அந்த ஊசி ஏறினால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பிள்ளை வேண்டும் என்பவர் விசேட வைத்திய நிபுணரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பெண் வீட்டுக்குச் சொல்வதா? புரோக்கருக்குச் சொல்லாதீர்கள், அது பரந்தன் சந்தி வரை போய்விடும். பெண்ணுக்குச் சொல்லுங்கள், கலியாண எழுத்துக்கு (பதிவுக்கு) முன்னம், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு. நான் சொன்ன முதல் சம்பந்தம் குழம்பியது. இரண்டாவது ஆள் ரிப்போர்ட்டை வாங்கி முழுக்க வாசித்துவிட்டு, "16 என்றால் 19 பாஸ்தானே?" என்றா. இப்போது அவதான் இதை எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறா.

லாப்பில் தரும் படிவத்தில் மனைவியின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு அந்த இடத்தில் வியர்த்துவிட்டது. ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.