பழைய காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம்: ஒர்க்‌ஷாப் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். என்னுடைய 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் ஆட்டம் கொடுத்ததால், கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ‘ஸ்டியரிங் முழு வேலை’ என்று பில் போட்டு 64,000 ரூபாய் வாங்கினார்கள். ஆட்டம் போகவில்லை. கேட்டால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குத் தொடரலாம். ஆனால் முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தே வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி குற்றமாகும், நாளை ஈ.சி.ஆர். சாலையில் விபத்து நேர்ந்தால், நீங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் புகார்க் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

அடுத்து, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். எம்ஜிபியில் ரேக் அண்ட் பினியன் (பற்பட்டையும் பற்சக்கரமும் கொண்ட) ஸ்டியரிங் என்பதால், டை ராடு எண்டு (ரேக்கைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் மூட்டு), ரேக்கை வண்டியின் அடிச்சட்டகத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், ஸ்டியரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட், கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு), முன்சக்கர பேரிங் ஆகிய எதிலும் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கலாம். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க, மற்றொருவர் கீழிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துவந்தால், அசைவு எந்த இணைப்பில் நுழைந்து அடுத்த பாகத்துக்குப் போகாமல் நிற்கிறதோ அங்கேதான் தேய்மானம். பிறகு ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்கையும், நிற்காவிட்டால் கிங் பின்னையும் சந்தேகிக்கலாம்.

புதிதாக மாற்றியதாகப் பில்லில் காட்டிய பாகத்திலேயே ஆட்டம் இருந்தால் சேவைக் குறைபாட்டை நிரூபிப்பது எளிது. அவர்கள் தொடாத கிங் பின்னில் இருந்தால், ‘முழு வேலை’ என்று எழுதி வாங்கியவர்கள் அதைச் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று நாம் வாதிட வேண்டியிருக்கும். அது சற்றுக் கடினமான வாதம்.

மத்திய மோட்டார் வாகன விதி 98, ஸ்டியரிங் வீலில் வெற்று அசைவு (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் அசைவது) 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 15 அங்குல வீலில் அது விளிம்பில் ஏறத்தாழ 4 அங்குலம். அதற்குள் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஏற்காதீர்கள். அது எல்லா வாகனங்களுக்குமான உச்ச வரம்பே தவிர, காசு வாங்கிச் செய்த வேலையின் தரத்துக்கு அளவுகோல் அன்று.

ஆகவே வேறு மெக்கானிக் எதையும் கழற்றுவதற்கு முன், தேதி குறிப்பிட்டு, ஆய்வுக்கு நேரில் வருமாறு ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். அவர்கள் வராவிட்டாலும், தகுதியுள்ள ஆட்டோமொபைல் பொறியாளரைக் கொண்டு அளந்து, வீடியோ எடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள்; தர மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, ஒர்க்‌ஷாப் கடலூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் கேட்கலாம். வண்டியின் பதிவுச் சான்று நடப்பில் உள்ளதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கிளறுவது அதைத்தான்.