ஈமெயிலைக் கண்டுபிடிச்சது ஒரு தமிழர்னு வட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

இல்லங்க. ஆனா இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போக எனக்கே மனசு வரல, ஏன்னா நானும் ஒரு காலத்துல அத நம்பி, சிவா அய்யாதுரைங்கிற அந்த ஆளோட போட்டோவ பிரின்ட் எடுத்து கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தவன்தான்.

இலங்கை மலையகத்துல, புசல்லாவை பக்கம் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை வச்சிருக்கேன். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் அப்ளிகேஷன் எல்லாம். வருஷத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைங்களாவது அதே போட்டோவோட வந்து "அண்ணே, நம்மாளுதானே, ப்ரொஜெக்ட்ல போடவா"ன்னு கேக்கும்.

சிவா அய்யாதுரை ப்ரோகிராம் எழுதினது பொய் இல்ல. பம்பாயில பொறந்த தமிழ் வீட்டுப் பையன், சின்ன வயசுலயே அமெரிக்கா போயிட்டாரு, 1978ல 14 வயசுல நியூ ஜேர்சியில ஒரு மருத்துவக் கல்லூரி ஆபீஸுக்கு, மேசைக்கு மேசை காகிதத்துல போய்க்கிட்டு இருந்த மெமோ எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல அனுப்புற மாதிரி செஞ்சு குடுத்தாரு. அதுக்கு ஈமெயில்னு பேர் வச்சு 1982ல கொப்பிரைட்டும் எடுத்தாரு. 14 வயசுல அது சும்மா விஷயமா? நான் அந்த வயசுல கள்ள மாங்கா பறிச்சிட்டு இருந்தேன். ஆனா கொப்பிரைட் நீங்க எழுதின கோடுக்குத்தான், அந்த யோசனைக்கு இல்ல. தேயிலைன்னு ஒரு பாட்டெழுதி பதிஞ்சு வச்சா தேயிலையவே நீங்க கண்டுபிடிச்சதா ஆயிடுமா.

அதுக்கு முன்னாடியே ஆள் இருக்காங்க. 1965லயே அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துல ஒரே பெரிய கொம்பியூட்டர் மெஷின பல பேர் பாவிச்ச காலத்துல, டொம் வான் விளெக், நோயல் மொரிஸ்னு ரெண்டு பேர் அதுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் தகவல் வச்சிட்டுப் போற கமாண்ட் எழுதிட்டாங்க. 1971ல ரே டொம்லின்சன் ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு அனுப்பிக் காட்டினாரு, ரெண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்துலதான் நின்னுச்சு, ஆனா நடுவுல இருந்த ஒரே தொடுப்பு ஆர்பாநெட், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான வலையமைப்பு. நம்ம அட்ரஸ் நடுவுல வர்ற வட்டம் போட்ட ஏ, அந்த அட் குறி, அவரு போட்டதுதான். முதல் மெயில்ல என்ன எழுதினீங்கன்னு கேட்டா மறந்துட்டேன்னுட்டாரு, கீபோர்ட் மேல் வரிசைய அப்படியே தட்டியிருப்பேன்னாரு. எனக்குப் பிடிச்சதே அதுதான். மெயில் எப்படி இருக்கணும்னு 1977ல வந்த ஆர்எஃப்சி 733ங்கிற விதி ஆவணத்துலயே அனுப்புறவர், பெறுறவர், சிசி, பிசிசி எல்லாம் இருக்கு. சிவா தரப்பு, இன்பொக்ஸ், ஃபோல்டர்னு முழு சிஸ்டமா செஞ்சது நாங்கதான்னு சொல்றாங்க. அவரு அத முழுசா ஒரு ஆபீஸுக்கு செஞ்சாருங்கிறது சரி, அதுக்காக முதல்னு சொல்ல முடியாது. 2012ல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையே அவரக் கண்டுபிடிப்பாளர்னு எழுதிட்டு அப்புறம் திருத்தம் போட்டுச்சு. "கேஸ்ல ஜெயிச்சாரே"ன்னு ஒரு பையன் கேட்டான். அவரு கண்டுபிடிக்கலன்னு இணையத்துல எழுதின கோக்கர் கம்பெனிக்காரங்க 2016ல 750,000 டொலர் குடுத்தது சமரசத்துக்கு, தீர்ப்பு இல்ல, அதையே எழுதின டெக்டர்ட் இணையதளம் மேல போட்ட கேஸ அடுத்த வருஷம் நீதிபதி தள்ளுபடி செஞ்சுட்டாரு.

நம்மாளுன்னு சொல்லிக்க ஏன் இவ்வளவு ஆசைன்னு கேட்டா, எங்க பக்கம் இன்டர்நெட் கைக்கு வர்றதுக்கு முன்னாடி காதுக்குத்தான் வந்துச்சு. 90கள் கடைசியில கொத்மலை சமூக வானொலியில யுனெஸ்கோ உதவியோட ஒன்னு செஞ்சாங்க, கேக்குறவங்க கேள்விய அனுப்புவாங்க, ரேடியோக்காரங்க இன்டர்நெட்ல தேடி பதில வாசிப்பாங்க. மத்தவன் தேடிச் சொன்னத கேட்டு வளந்த ஆளுங்களுக்கு, அத செஞ்சவனே நம்மாளுன்னா இனிக்காதா.

அதனால பிள்ளைங்களுக்கு இப்ப நான் சொல்றது எங்க தோட்டத்துக் கதைய. 2020ல பள்ளிக்கூடம் மூடினப்ப பாடமெல்லாம் போன்ல வந்துச்சு, நாங்க இருக்கிற வரிசை வீடு, அந்த லயத்துக்குள்ள ஒரு கோடு சிக்னல் கூட கிடையாது, இஸ்தோப்புல, அதாவது வாசல் திண்ணையில நின்னு கையத் தூக்கிப் பிடிச்சாலும் கிடையாது. ஏழாம் நம்பர் மலை உச்சியில ஒரு பெரிய கல்லு, அதுல ஏறினா மட்டும் சூம் ஓடும். மழைன்னா குடையப் பிடிச்சிக்கிட்டு நாலு பிள்ளைங்க ஒரு போன்ல. அந்தக் கல்ல யாரு முதல்ல கண்டுபிடிச்சதுன்னு தோட்டத்து மேல் பிரிவான மேக்கணக்குப் பையனுக்கும் கீழ்ப் பிரிவான பணியக்கணக்குப் பையனுக்கும் கைகலப்பே ஆயிடுச்சு, ரெண்டு வீட்டு அப்பாமாரும் வேற இதுல எறங்கிட்டாங்க. கொழுந்து நிறுத்துட்டு வந்த ஒரு அக்கா கேட்டுட்டு சிரிச்சிச்சு. கொழுந்து பறிக்கிறப்ப இடுப்புல கட்டுற படங்குக்குள்ள பையில சுத்தி வச்சிருக்கிற பட்டன் போன் அந்தக் கல்லுகிட்ட போனாத்தான் அடிக்குமாம், குவைத்துல இருக்கிற மக பகல் சாப்பாட்டு நேரம் பாத்து எடுக்குமாம், ஆறேழு வருஷமா. இது ஏன் யாருக்கும் தெரியலன்னா, யாரும் கேக்கல, அதுவும் சொல்லல.

கல்லுக்கு இப்ப சூம் கல்லுன்னுதான் பேரு. அந்த அக்கா மட்டும் இன்னும் குவைத் கல்லுன்னுதான் சொல்லுது.