ஒட்டைப் பார்த்தீங்களா?

ஆன்லைனில் 'நீல ரோஜா விதை' நூறு, 199 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதத்தில் முளைத்தது புல் மாதிரி ஏதோ. ஏமாந்துவிட்டேனா?
– குன்னூர் வாசகி

ஆமாம்மா. ஆனால் தப்பு உங்களுடையது இல்லை, அந்தப் படத்தைப் போட்டவனுடையது. நீல நிறத்துக்கு வேண்டிய நிறமி ரோஜாச் செடியில் இயற்கையாகவே கிடையாது. ஜப்பானில் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து ஒன்றை உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுகூட வெளிர் ஊதாதான். நிஜ ரோஜா விதையே வந்திருந்தாலும் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அதனால்தான் நர்சரிக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள், அதாவது நல்ல ரோஜாவின் மொட்டை வேறொரு வேர்ச்செடியில் வைத்துக் கட்டி ஒன்றாக்குகிறார்கள்.

விளம்பரம், பணம் கட்டிய விவரம், முளைத்த 'புல்' மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். விற்றவன் அப்போதும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அவன் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 199 ரூபாய்க்கா என்று யோசிக்காதீர்கள், அந்த யோசனையை நம்பித்தான் அவன் கடை நடக்கிறது.

டிசம்பரில் கீழே இருந்து வந்த வண்டியில் 12 செடி வாங்கினேன். உறைபனியில் அத்தனையும் கருகிவிட்டது. பில் இல்லை. பணம் கிடைக்குமா?
– ஊட்டி வாசகர்

கிடைக்காது.

மே சீசனில் வாங்கிய சிவப்பு ரோஜா முதல் வருஷம் கை அகலம் பூத்தது. இப்போது நீளநீளமாகக் கொடி ஓடி, கொத்துக் கொத்தாகக் குட்டி வெள்ளைப் பூ. கடைக்காரர் செடியை மாற்றித் தர மறுக்கிறார்.
– கோத்தகிரி வாசகர்

அவர் எதற்கு மாற்றித் தர வேண்டும்? முதல் வருஷம் சிவப்புதானே பூத்தது! கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் இரண்டு செடி சார். கீழே முரட்டு வேர்ச்செடி, மேலே நீங்கள் ஆசைப்பட்ட சிவப்பு. இரண்டும் சேரும் முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்து (புதுக் கிளை), சோறெல்லாம் தானே தின்று மேலே இருப்பதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். கத்தரியால் வெட்டினால் மறுபடி கிளைக்கும். மண்ணை விலக்கி, வேரில் கிளம்பும் இடத்திலிருந்தே பிய்த்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு வருஷம் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

எல்லாரும் பூவைப் பார்த்துத்தான் செடி வாங்குகிறோம். பூ நாலு நாளில் உதிர்ந்துவிடும். குனிந்து ஒட்டைப் பாருங்கள்: முடிச்சு கெட்டியாக இருக்கிறதா, கட்டிய டேப் தண்டை இறுக்கி வெட்டுகிறதா, அதற்கு மேலே இரண்டு மூன்று நல்ல கிளையாவது உண்டா. நான் இதைக் கற்றுக்கொண்டது சொந்தக் காசில். மேட்டுப்பாளையம் சாலையோரம் நாலு செடி, அத்தனையிலும் பூ. வீட்டுக்கு வந்து டேப்பை அவிழ்த்தால் ஒன்றில் ஒட்டே இல்லை, வெறும் குச்சியில் சுற்றியிருந்தது. பூவை ஈர்க்குச்சியில் செருகியிருந்தார்கள். என் வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

'காட்டெருமை கிட்டவே வராது' என்று ஒரு ஸ்ப்ரே 850 ரூபாய். மறுநாளே வந்து மொட்டையடித்துவிட்டது.
– கொடைக்கானல் வாசகர்

அதற்குப் படிக்கத் தெரியாது. வேலி போடுங்கள்.

எவ்வளவு உரம் போட்டாலும் செடி தேறவில்லை. கடைக்காரர் இன்னும் விலை கூடிய உரம் சொல்கிறார்.
– குந்தா வாசகி

பர்ஸை மூடுங்கள். நம் மலை மண் புளிப்பு. தேயிலைக்குப் பிடிக்கும், ரோஜாவுக்குப் பிடிக்காது, அதற்கு பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6 முதல் 6.5 வரை வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, சொல்கிற அளவுக்கு, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் கல்தூள் போடுங்கள். உரம் அப்புறம்.

வாசலில் ஒரே தொட்டிக்குத்தான் இடம். எந்த ரோஜா வாங்கலாம்?
– ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை

முதலில் எதையும் வாங்காதீர்கள் டீச்சர். உங்கள் ஊட்டி விஜயநகரம் ரோஜா பூங்காவுக்கு ஒரு நோட்டோடு போய் வாருங்கள். 1995இல் தொடங்கிய பூங்கா, 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது வாங்கியது. பிடித்த செடியின் பெயரை எழுதிக்கொண்டு வந்து அதையே கேளுங்கள். பார்க்க மட்டும் என்றால் பெரிய பூ எதுவும் சரி. வாசனைதான் வேண்டும் என்றால் பன்னீர் ரோஜா. காலையில் பனி காயும் முன்னே பறித்தால், தலைக்கு வைத்தது போக சாமிக்கும் மிச்சம் இருக்கும்.