கூண்டும் குலசாமியும்

அன்புள்ள அக்கா,

மண்டபம் பக்கத்து ஊர் எனக்கு. அப்பா விசைப்படகு டிரைவர். நான் இயற்பியல் முதுகலை முடித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் 14 அன்று ஊரில் இருந்தேன். படகுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கடல் தாய்க்குத் தேங்காய் உடைத்தார்கள். ‘கடல் என்பது உப்புத் தண்ணீர், அதற்குக் காது கிடையாது’ என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் நான் ரயில் ஏறும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இடிக்கும் புயலுக்கும் காரணம் தெரியாத காலத்தில், பயத்தில் மனிதன் அவற்றுக்கு முகம் வரைந்து கடவுள் என்றான். இன்று காரணம் தெரியும். அந்த முகம் இன்னும் எதற்கு? இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் திருப்புல்லாணி கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பிரியமாக எழுதுகிறீர்கள். நம்பாதவர்கள் ‘இது நம் பண்பாடு’ என்று வக்காலத்து வாங்குவது நழுவல் இல்லையா? அடுத்த வருஷம் அந்தப் பூசையில் நான் நிற்பதா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

நழுவல் இல்லையா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பெரும்பாலும் நழுவல்தான். பண்பாடு என்ற ஒரு துணியைப் போர்த்திவிட்டால் அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம், சாதியைக்கூட. அதனால் என் பக்கத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். அலையை ஒரு கை தள்ளுகிறது என்று நான் நம்பவில்லை. தேங்காய் உடைத்த படகும் கவிழும், உடைக்காத படகும் கரை சேரும்.

ஆனால் இது உங்கள் அப்பாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கோயில், மாதா கோயில், ரயில் நிலையம் என்று எதையும் கடல் விட்டுவைக்கவில்லை. பயணிகளோடு வந்த ரயிலையே கொண்டுபோனது. அந்தக் கதையைக் கேட்டு வளராத பிள்ளை நம் கரையில் கிடையாது. கும்பிட்டவரைக் கடல் விட்டுவிடும் என்று எவரும் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் எந்தக் குலசாமியிடமும் உத்தரவு கேட்டு யாரும் கடலுக்குப் போவதில்லை. மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கவில்லை என்றால் படகு நிற்கும். வீசுவது வாடைக் காற்றா கச்சான் காற்றா, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஜிபிஎஸ்ஸில் பார் என்கிற கடலடிப் பாறை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பார்த்துத்தான் உங்கள் அப்பா வலை விடுகிறார். அவர் அறிவு வேலை செய்யும் இடத்தில் சாமி குறுக்கே வரவே இல்லை.

அதனால்தான் உங்கள் பயக் கோட்பாடு எனக்கு அரைகுறையாகப் படுகிறது. காரணம் தெரியாத இடத்தை அடைக்க வந்ததுதான் சாமி என்றால், காரணம் தெரிந்த அன்றே அது கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லையே.

நீங்கள் இயற்பியல் படித்தவர். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு உதாரணம் தேவிபட்டினத்தில், கடலுக்குள்ளேயே நிற்கிறது. நவபாஷாணம். ஒன்பது கல், ஒன்பது கிரகம். அதில் ராகு, கேது என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? வானத்தில் அப்படி இரண்டு பொருளே கிடையாது. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகிற இரண்டு புள்ளிகள் அவை. வெறும் கணக்கு. கிரகணம் எப்போது வரும் என்று கணிக்க அந்தப் புள்ளிகள் தேவைப்பட்டன. கி.பி. 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார்: சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பஞ்சாங்கக்காரர்கள் ராகு என்றே சொல்லிக்கொண்டு கிரகண நேரத்தைக் கணித்தார்கள். கணக்கும் பாம்பும் ஒரே ஓலையில் அருகருகே இருந்தன. அறியாமையால் முகம் வரைந்தான் என்பது இங்கே பொருந்தவில்லை. கணக்குத் தெரிந்தவனே கணக்குக்கு முகம் வரைந்திருக்கிறான்.

அதே ராகுவைக் காட்டித்தான் எத்தனையோ பெண்களின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், தோஷம் என்று. அதை மறைத்துவிட்டு முந்திய பத்தியை மட்டும் எழுதினால் நீங்கள் சொல்கிற நழுவல்தான் அது. ஒரு வெட்டுப்புள்ளிக்கு ஒரு பெண்ணைப் பிடிக்கவில்லையாம்! இந்த இடத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, கடலுக்கு வருவோம். திருப்புல்லாணியைப் பற்றி நான் பிரியமாக எழுதுவதைக் கேட்டிருந்தீர்கள். ஒரு கதைக்காக. தர்ப்பைப் புல்லில் படுத்துக்கொண்டு ராமன் கடலிடம் வழி கேட்கிறான். மூன்று இரவு ஆகிறது. கடல் கண்டுகொள்ளவே இல்லை. கோபத்தில் வில்லை எடுத்த பிறகுதான் கடலரசன் எழுந்து வருகிறான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். வந்தவன் என்ன சொன்னான் என்பதைத்தான் கதை சொல்லுகிறவர்கள் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். வால்மீகியில் அவன் சொல்வது ஏறக்குறைய இப்படி: மண், காற்று, வெளி, நீர், ஒளி எல்லாம் தத்தம் இயல்பிலேயே நிற்பவை. ஆழமாக இருப்பதும் நீந்திக் கடக்க முடியாமல் இருப்பதும் என் இயல்பு. ஆசைக்காகவோ பயத்துக்காகவோ என் தண்ணீரை நான் உறைய வைக்க முடியாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தம்பி. அவதாரமே வில்லும் கையுமாக நின்று கேட்டாலும் என் இயல்பை மாற்ற மாட்டேன் என்று கடல் சொல்கிறது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. உன் படையில் நளன் என்று ஒருவன் இருக்கிறான், கட்டத் தெரிந்தவன், அவனைக் கட்டச் சொல், நான் தாங்கிக்கொள்கிறேன் என்கிறது. நீங்கள் வகுப்பில் படித்த இயற்கை விதியை இங்கே சொல்வது யார்? கிரீடம் வைத்துக்கொண்டு வந்த கடலரசன். முகம் கொடுத்ததால் கடலின் விதி மறைந்துபோகவில்லை, அந்த விதிக்குப் பேச ஒரு வாய் கிடைத்தது. சேதுக்கரையில் நின்று இதை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை வந்துவிடுவதில்லை. ஆனால் இதை எழுதியவன் என்னைவிட அறிவில் குறைந்தவன் என்று நினைக்க முடியவில்லை.

இதே சேதுவை, அதாவது ராமர் பாலத்தை வைத்து 2007-இல் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். சேது சமுத்திரக் கப்பல் கால்வாய் வழக்கில், ராமாயண மாந்தர்கள் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. நாடு கொந்தளித்தது. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பக்கம், ராமன் எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தான் என்ற கேள்வி. மறுபக்கம், நாசா படத்தில் பாலம் தெரிகிறது, ராமேஸ்வரத்தில் கல் மிதக்கிறது என்ற பதில். கல்லுக்குள் இருக்கும் துளைகளில் காற்று அடைபட்டு, மொத்த அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்தால் அது மிதக்கும், அதில் ராமன் பெயர் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறு. பக்தியை நிரூபிக்கச் சாட்டிலைட் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், படத்தைவிடப் பக்தி சின்னது என்று தானே ஒப்புக்கொள்கிறார். எதிர்ப்பக்கமும் ஒரு காவியத்திடம் போய்ப் பட்டா கேட்டது.

இந்த இரைச்சலில் அடிபட்டுப்போனது எது தெரியுமா? சேது சமுத்திரக் கால்வாய் தோண்டினால் கலங்கல் எவ்வளவு தூரம் பரவும், பவளப்பாறை என்னாகும், கப்பல் போகிற தடத்தில் சின்னப் படகுகள் எங்கே வலை விடும் என்று நம் கரைக்காரர்கள் கேட்ட கேள்விகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவாக 1986-லேயே அறிவிக்கப்பட்டவை. அந்தத் தொலைக்காட்சி விவாதங்களில் ராமன் இருந்தானா இல்லையா என்று கத்திய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்திருந்தால் எனக்குப் போதுமாயிருந்திருக்கும். கடவுள் உண்டா என்ற வாதத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு. உட்கார்ந்த இடத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுப்பி அனுப்பிவிடும்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6. மனநோய் தீரும் என்று தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியவில்லை. குடும்பத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கனவில் உத்தரவு வரும், அதுவரை இங்கே இருக்கட்டும் என்று நம்பி விட்டுப் போனவர்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், எல்லா மதத்திலிருந்தும் வந்தவர்கள். மூளையில் ஏற்பட்ட நோய்க்கு மருந்து தர வேண்டிய வேலையை நம்பிக்கை எடுத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை அது. இங்கே ‘அவரவர் நம்பிக்கை’ என்று யாராவது சொன்னால் நான் எழுந்து சண்டை போடுவேன்.

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-இல் வந்த மனநலச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று எழுதிவைத்தது. ஏர்வாடியிலேயே துவா என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் என்று அரசு மனநல மருத்துவம் வந்தது. தர்காவுக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சந்தனக்கூடு திருவிழா இன்றைக்கும் நடக்கிறது, இந்துக்களும் போகிறார்கள். இதுபோதும் எனக்கு. உங்களுக்குப் போதாமல் இருக்கலாம்; உங்கள் வயதில் எனக்கும் போதாது.

உங்கள் கடல் தாய்க்கு இப்போது சட்டத்திலும் தூரத்து உறவு உண்டு. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட நபர் என்று அறிவித்தது. வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த அதிகாரி ஒருவரின் வழக்கில். எழுதியவர் பூசாரி இல்லை, நீதிபதி. பேச முடியாத ஒன்றின் சார்பாக வழக்காட வேண்டும் என்றால் அதற்கு ஓர் ஆள்முகம் தேவைப்படுகிறது. கோயில் சாமிக்குச் சொத்துரிமை கொடுத்து நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் செய்துவருவதும் இதைத்தான்.

இங்கேதான் நீங்கள் அன்றைக்குத் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடலுக்குக் காது உண்டா என்றால் அப்பாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டார். அவர் சொல்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம்: “தாய் என்கிறீர்களே அப்பா, தடை போட்ட இரட்டைமடி வலையைச் சில படகுகள் இழுக்கின்றனவே, குஞ்சு குளுவான் எல்லாம் வாரிக்கொண்டு வருகிறதே, தாய்க்குச் செய்கிற காரியமா அது?” உங்கள் அப்பா அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குக் கரையில் யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உப்புத் தண்ணீருக்கு யாரும் கடன்பட்டவர்கள் இல்லை. தாய் என்று வாய்விட்டுச் சொன்னவரைத்தான் மடக்க முடியும். பகுத்தறிவுக்கு இதைவிட வசதியான வாசல் எது? அதை நீங்களே சாத்திவிட்டு வெளியே நின்று கத்துகிறீர்கள்.

அடுத்த ஜூன் 14-க்கு ஊருக்குப் போங்கள். நிற்பதும் நிற்காததும் உங்கள் இஷ்டம். திருநீறு பூச வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள், அம்மாவுக்கு அது தாங்கும். தேங்காய் உடைக்கும் முன் படகில் எத்தனை பேர், எத்தனை லைஃப் ஜாக்கெட் என்று எண்ணிப் பாருங்கள், விஎச்எஃப் வயர்லெஸ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், இரட்டைமடிக் கேள்வியை அப்பாவிடம் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். திட்டியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா