நின்றால் கூன், படுத்தால் நேர்: பார்க்கின்சன் நோயில் முதுகு மடங்குவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதமாக, நடக்க ஆரம்பித்தாலே இடுப்பிலிருந்து முன்னால் மடங்கிவிடுகிறார். நிமிரச் சொன்னால் நிமிர்கிறார், பத்து எட்டுக்குள் மறுபடி குனிந்துவிடுகிறார். படுத்தால் முதுகு நேராகிவிடுகிறது. எலும்பு டாக்டரிடம் காட்டுவதா? பெல்ட் போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதுகெலும்பு நொறுங்கியோ ஒட்டிக்கொண்டோ வருகிற கூன், படுத்தாலும் மாறாது. நின்றால் மடங்கி, படுத்தால் நேராவதற்குக் கேம்ப்டோகார்மியா என்று பெயர். மடிப்பு இடுப்பில் 30 டிகிரியையோ மார்புப் பகுதியில் 45 டிகிரியையோ தாண்டினால் அப்படிச் சொல்வார்கள். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வயிற்றுத் தசைகள் தாமாக இழுத்துப் பிடிக்கலாம், முதுகை நிமிர்த்தும் தசைகள் நலிந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மனது வைத்தால் சில விநாடி நிமிரலாம், அவ்வளவுதான்.

போகும் முன் பக்கவாட்டில் முழு உருவமும் தெரிய அவர் நடப்பதை இரண்டு வீடியோ எடுங்கள்: காலை மாத்திரைக்கு முன் ஒன்று, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டாவதில் நன்றாக நிமிர்ந்திருந்தால், பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவின் அளவையும் நேரத்தையும் திருத்தினாலே பலன் கிடைக்கலாம். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையையும் தள்ளியே கொடுக்க வேண்டும். இரண்டு வீடியோவிலும் ஒரே மடிப்பு என்றால், டோஸைக் கூட்டுவதால் மட்டும் பெரும்பாலும் முதுகு நிமிராது.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், எப்போது தொடங்கியது என்பதோடு எழுதிக்கொண்டு போங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் ப்ராமிபெக்சோல், ரோபினிரோல், மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில், சில மனநல மருந்துகள் ஆகியவை கழுத்தோ முதுகோ வளையக் காரணமாகலாம். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கடையில் கிடைக்கும் இடுப்பு பெல்ட் முன்னால் விழும் உடம்பைத் தாங்காது, வயிற்றைத்தான் அழுத்தும். முன்பக்கம் இடுப்பில் ஊன்றி மார்பைத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு சிலருக்கு உதவுகிறது. அதை அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும், தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பலருக்கு இதைவிடக் கைகொடுப்பது முன்கையை ஊன்றும் உயரமான வாக்கர். செருப்போடு அவரை முடிந்தவரை நிமிர்த்தி நிறுத்தி, தரையிலிருந்து மடக்கிய முழங்கை வரை அளந்து, அந்த உயரத்தில் பலகையை வையுங்கள். கைப்பிடி தாழ்ந்த சாதா வாக்கர் இன்னும் குனியவைக்கும். பிரேக் இல்லாத சக்கரம் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும்.

தினமும் இரண்டு, மூன்று வேளை, வயிறு நிறைந்திராதபோது, ஐந்து நிமிடம் குப்புறப் படுக்கட்டும். முதலில் வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, பழகப் பழக அதை மெலிதாக்குங்கள். முதுகு நிமிர்த்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் சேர்த்துக்கொடுப்பார். எலும்பு அடர்த்தி குறைந்தவர் என்றால் எக்ஸ்ரே பார்த்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: ஊசி, ஆபரேஷன் பலன் தருமா?
- வாசகர், மதுரை

பதில்: இழுத்துப் பிடிக்கும் தசையை ஸ்கேனில் பார்த்து, அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவார்கள். சிலருக்குக் கேட்கும், பலருக்கு ஏமாற்றமே. பலன் கிடைத்தாலும் சுமார் மூன்று மாதத்தில் குறைந்துவிடும். கோளாறு முதுகுத் தசையின் நலிவு என்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பயனில்லை. மூளையில் மின்முனை பொருத்தும் டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷனைக் கூனுக்காக மட்டும் பொதுவாகச் செய்வதில்லை. மற்ற காரணங்களால் அதற்குத் தகுதியானவர் என்றால், முதுகு மடங்கத் தொடங்கி ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் செய்துகொண்டவர்களுக்கு முதுகு நிமிரும் வாய்ப்பு கூடுதல். தள்ளிப்போடாமல் கேளுங்கள். முதுகெலும்பில் கம்பி வைப்பதைக் கடைசி வழியாக மட்டுமே யோசிக்கலாம். மெலிந்த எலும்பில் திருகு தளர்ந்து, மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது சகஜம்.

கேள்வி: எப்போது அவசரமாகப் போக வேண்டும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சில நாட்களிலேயே கூன் விழுந்தால், திடீரென்று கடும் முதுகுவலி வந்தால், கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ, அன்றைக்கே போங்கள். தலை மார்பை நோக்கித் தொங்கி விழுங்கச் சிரமப்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.